பதினான்கு பெட்டிகள்

இந்திரகுமார் அங்கிள் உடுப்பும் சொக்லேட்டும் நிரப்பிய பதினான்கு பெட்டிகளைத் தமிழ்ச் சங்க மண்டபத்துச் சுவரோரம் அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் 'யாமினியின் ஊர்' என்று எழுதி ஒட்டியிருந்தார். யாமினி நான்தான். அவற்றில் ஒன்றுகூட என் ஊருக்குப் போகாது என்று கதவைத் திறந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்வது சுலபம். சிட்னி மேய்ஸ் ஹில் கோயிலில் முருகனைக் கும்பிட்டுவிட்டு நெற்றி நிறைய விபூதியோடு கூட்டத்துக்கு வந்திருந்த பதினொரு பேரிடம் அதைச் சொல்வதுதான் பெரும்பாடு.

ஜூலை விடுமுறையில் சிட்னியிலிருந்து இலங்கைக்குப் போகும் அந்தப் பயணத்தை ஒழுங்கு செய்தவள் நான். என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். நல்லூர், கோணேஸ்வரம் எல்லாம் வழக்கம்போல. நடுவில் இரண்டு நாள் மட்டும் என் ஊர். போர்க்காலத்தில் அது எல்லைக் கிராமம். குளத்துக்கு இந்தக் கரையில் நாங்கள், அந்தக் கரையில் சிங்கள ஊர், நடுவில் ஆமிக் காவலரணும் கண்ணிவெடியும். இப்போது இரண்டு கரையிலிருந்தும் பத்துப் பெண்கள் ஒரே குசினியில் சமைக்கிறார்கள். வருகிறவர்களைத் தோணியில் ஏற்றிக் குளம் காட்டுகிறார்கள், வீட்டில் தங்கவைக்கிறார்கள். அதை நடத்துகிற தனேஸ்வரி என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். இத்தனை பேர் தங்க வருவது இதுதான் முதல் தடவை என்று எங்களுக்காகவே இரண்டு அறை கட்டி முடித்திருந்தாள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. யாரும் அங்கே எதையும் பகிர்ந்து கொடுக்கக் கூடாது. போன வருடம் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு கூட்டம், கொண்டுவந்த உடுப்பையும் சொக்லேட்டையும் தமிழ்ப் பெண்கள் ஆறு பேருக்கு மட்டும் கொடுத்துப் படமும் எடுத்துக்கொண்டு போனது. சிங்களப் பெண்கள் நாலு பேரும் அன்றைக்குப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனவர்கள்தான். அவர்களைத் திரும்பக் கூட்டிவர தனேஸ்வரி மூன்று மாதம் குளத்தைச் சுற்றி நடந்தாள். இன்னொரு தடவை அப்படி நடந்தால் அந்தக் குசினிக்குப் பூட்டுத்தான்.

இதையெல்லாம் நான் போன கூட்டத்திலேயே சொல்லியிருந்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அங்கிள்தான் எல்லாரையும்விடப் பலமாக ஆட்டினார். ஆட்டிவிட்டுப் போய்ப் பெட்டி அடுக்கினால் கோபம் வராமல் என்ன செய்யும்?

அவர் கெட்ட மனிதர் இல்லை, அதுதான் கஷ்டம். சங்கத்துக்காக ஓடி ஓடித் தேய்ந்தவர். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போவது எங்கள் பழக்கமா என்று கேட்டார். மற்றவர்கள் ஆமோதித்தார்கள். சென்னைக்காரரான வேதவல்லி ஆன்ட்டிகூட, ஹரிஸ் பார்க் கடைகளில் ஆளுக்கொரு ஸ்வீட் பாக்ஸாவது வாங்கிக்கொள்ளலாமே என்றார். இரண்டு கரைக்கும் சமமாகக் கொடுத்தால் என்ன என்று இன்னொருவர் கேட்டார். சமமாகக் கொடுத்தால் பத்துப் பேரும் சமமாக வரிசையில் நிற்க வேண்டும், எனக்குச் சோறு போடுகிறவளை நான் வரிசையில் நிறுத்த மாட்டேன் என்றேன்.

அங்கிளின் முகம் சிவந்துவிட்டது.

"பெட்டி வராட்டி நாங்களும் வரேல்ல, பிள்ளை."

நாங்கள் என்றால் எட்டுப் பேர். அவர்கள் போனால் மிச்சம் நாலு. நான் வெளியே போய்த் தனேஸ்வரிக்குப் போன் எடுத்தேன். எட்டுப் பேர் வராமல் போகலாம், நீ கட்டிய அறைகள் என்னாவது என்று கேட்டேன். அவளுக்கு ஒரு தயக்கமும் இல்லை.

"நாலு பேர் வந்தாலும் சமைப்பமடி. பெட்டியோட பன்னிரண்டு பேர் வேண்டாம்."

நான் உள்ளே வந்தபோது அங்கிள் சுவரில் மாட்டியிருக்கும் படத்தடியில் நின்று வேதவல்லி ஆன்ட்டிக்குத் தன் பழைய பகிடியைச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் ஊருக்குத் திரும்பிக் குடியேறிய வருடம், பள்ளிக்கூட முற்றத்து மேடையில் அவர் ஒரு சிறுமிக்குக் கொப்பிப் பை கொடுக்கும் படம் அது. பெரியவர் நீட்டுவதை ஒற்றைக் கையால் வாங்குகிறாள், யார் பழக்கினார்களோ என்பதுதான் பகிடி. வருகிறவர் எல்லாருக்கும் அதைச் சொல்வார்; எந்த ஊரில் எடுத்தது என்பது மட்டும் அவருக்கு நினைவில்லை. அந்தச் சிறுமி நான். சங்கத்தில் சேர்ந்த இரண்டு வருடமாக நானும் அதைக் கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"அது நான்தான், அங்கிள்."

அவர் கண்ணாடியைச் சரிசெய்து படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்டைக்குக் காலமை நீங்கள் தந்த பெட்டியிலயிருந்துதான் அந்தச் சட்டை. போட்டுக்கொண்டு மேடைக்கு வரச் சொன்னவை. முதுகில சிப் அறுந்து கிடந்தது. மற்றக் கையால அதைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

வேதவல்லி ஆன்ட்டி மெல்ல என் தோளைத் தொட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது; ஆனால் அழுதால் இந்தக் கதை எனக்காகச் சொன்னதாகிவிடும். ஆகவே மிச்சத்தையும் சொன்னேன். எனக்குப் பின்னால் பாதித் தலை தெரிகிற பிள்ளை தனேஸ்வரி, இன்றைக்கு எங்களை விருந்துக்குக் கூப்பிடுகிறவள் அவள், அவளை மறுபடி அந்த வரிசைக்குக் கூட்டிப்போக என்னால் முடியாது, நாலு பேரோடாவது ஜூலையில் போவேன் என்றேன்.

மூன்று பேர் எழுந்து போனார்கள். அங்கிள் போகவில்லை. பெட்டிகளின் பக்கம் போய், ஒட்டியிருந்த தாள்களை ஒவ்வொன்றாக உரித்தார். பதினான்கையும் உரித்து முடிக்க நேரம் எடுத்தது.

"அப்ப நான் என்னத்தைக் கொண்டு வாறது?" என்று கேட்டார். குரல் நன்றாகத் தாழ்ந்திருந்தது.

"பசியோட வாங்கோ, அங்கிள்."

ஒன்பது பேர், பெட்டி இல்லை என்று தனேஸ்வரிக்கு மெசேஜ் போட்டேன். குளத்து மீனில் முள் அதிகம், பார்த்துச் சாப்பிடச் சொல்லு என்று உடனே பதில் வந்தது.

நான் புறப்பட்டபோது அங்கிள் கதிரை ஒன்றின் மேல் ஏறி நின்று அந்தப் படத்தைக் கழற்றினார். தூசியைத் தன் சட்டையாலேயே துடைத்து என்னிடம் நீட்டினார்.

நான் இரண்டு கையாலும் வாங்கினேன்.