மரபியல் வகுப்பில் டெல்பின்

வெரோனிகாவுக்கு எதைக் கண்டாலும் பாடமாக்கிவிடும் வியாதி உண்டு. சாந்தோமில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பெண்களுக்கு உயிரியல் எடுப்பவள். வீட்டில் மீன் கழுவினால்கூட செவுளைப் பிரித்துக் காட்டாமல் விடமாட்டாள். அந்த வியாதி பெற்ற மகளையும் விட்டுவைக்கவில்லை.

மகள் டெல்பின் அம்மாவின் வகுப்பிலேயே படித்தாள். சின்ன வயதிலிருந்தே ஜூடோ அவளுக்கு உயிர். இந்த வருடம் மாநில அணியில் இடம் நிச்சயம் என்று மாஸ்டர் சாய்நாத் அடித்துச் சொன்னார். அந்த நேரம் பார்த்து, தி.நகரில் புதிதாகத் திறந்த பரிசோதனைக் கூடம் ஒன்று, விளையாடும் பிள்ளைகளின் எச்சிலை வாங்கி ஜீன் பார்த்துச் சொல்கிறோம் என்று வந்து நின்றது. தெரிந்துகொள்வதில் என்ன நஷ்டம் என்று வெரோனிகாதான் தலையாட்டினாள்.

முடிவு வந்தது. தசைக்குத் திடீர் வேகம் தர உதவும் ஒரு புரதம் டெல்பின் உடம்பில் உருவாகாது. அதற்கான ஜீன் இரண்டு பக்கத்திலிருந்தும் வேலை செய்யாத வடிவமாகவே வந்திருந்தது. கோடிக்கணக்கான பேருக்கு அப்படித்தான். அவர்கள் நன்றாக ஓடியாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வெரோனிகாவுக்கு அதெல்லாம் அத்துப்படி.

மறுநாள் மரபியல் பாடம். பட்டாணிச் செடியையே எத்தனை வருடம் கட்டிக்கொண்டு அழுவது? கரும்பலகையில் கட்டம் போட்டாள்.

"நம்ம டெல்பினையே எடுத்துக்குவோம். அப்பாகிட்டேருந்து ஒண்ணு, என்கிட்டேருந்து ஒண்ணு. ரெண்டுமே வேலை செய்யாதது. அதனால இவளுக்கு அந்த வேகம் வராது."

வகுப்பு சிரித்தது. டெல்பினும் சிரித்தாள். மணி அடித்துவிட்டது. ஒரு ஜீன் மட்டும் ஆளைத் தீர்மானித்துவிடாது என்ற மிச்சத்தை அடுத்த வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். அடுத்த வகுப்பில் வேறு பாடம் வந்துவிட்டது.

தேர்வுப் போட்டி அடையாறில் நடந்தது. கடைசி ஆட்டத்தில் மதுவந்தி என்ற மயிலாப்பூர்ப் பெண் எதிரே. சமமாகப் போய்க்கொண்டிருந்தபோது மதுவந்தியின் கால் ஒருமுறை தடுமாறியது. டெல்பினின் பிடி காலரில் கெட்டியாக இருந்தது. புகுந்து தூக்கவேண்டியதுதான் பாக்கி. "உள்ள போ!" என்று சாய்நாத் கத்தினார். டெல்பின் போகவில்லை, நின்றாள். நிமிர்ந்துகொண்ட மதுவந்தி அவளை மல்லாக்கத் தூக்கிப் போட்டாள். அதோடு ஆட்டம் முடிந்தது.

திரும்பும் பேருந்தில் வெரோனிகாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏன்டி நின்ன? கைக்கு வந்ததை விட்டுட்டியே!"

"வேகமா புகுற இடம் மம்மி அது. எனக்குத்தான் வராதேன்னு தோணிடுச்சு."

வெரோனிகா விட்டுப்போன பாடத்தைப் படபடவென்று ஒப்பித்தாள். "எத்தனையோ ஜீன் இருக்குடி, பயிற்சி இருக்கு. இத்தனை வருஷமா அந்தப் புரதம் இல்லாமத்தானே ஜெயிச்ச?"

எல்லாம் சரியான பேச்சுதான். டெல்பினும் பொறுமையாகக் கேட்டாள். ஆனால் வகுப்பில் அம்மா சொன்னது அறிவியல், பேருந்தில் சொல்வது ஆறுதல் என்றுதான் அவளுக்குப் பட்டது. தோற்ற பிள்ளையிடம் எந்த அம்மாதான் இப்படிச் சொல்லமாட்டாள்?

"மாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன், இனிமே வரலைன்னு."

வெரோனிகா ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தனை பேர் நடுவில் அழுகையை அடக்க முடியவில்லை. டெல்பின் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அழாத மம்மி. நீ முன்னாடியே சொன்னது நல்லதாப் போச்சு. இல்லைன்னா நான் பாட்டுக்கு ஆசைப்பட்டுக்கிட்டே இருந்திருப்பேன்."