ஊலாவின் தேய்ந்த பிஸ்டன்கள்

பனிவண்டியின் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தான் ஊலா. இரண்டு பிஸ்டன்களிலும் நகம் சிக்கும் அளவுக்குக் கீறல். மாற்றத்தான் வேண்டும். ஆனால் போன குளிர்காலத்தில் பக்கத்து வீட்டு நீலாஸ் பிஸ்டன் மாற்றியபோது, துருவமான் பட்டியில் எல்லார் முன்னாலும் அவனைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தவன் ஊலாதான்.

"இந்த வருஷம் தாங்கிடும்," என்றான் மனைவி இங்காவிடம்.

"தாங்கும். உறைஞ்சு கிடக்கிற இனாரி ஏரி நடுவுல நின்னுட்டா, உன் வாய் வந்து வண்டியை இழுக்குமா?"

மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு உறைபனியில் நடந்து வரும் மாவீரனை ஊலா நினைத்துப் பார்த்தான். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. புதுப் பிஸ்டன்கள் வாங்கினான். பழையதைக் கழற்றும் கருவி நீலாஸிடம் மட்டுமே இருந்ததால், அவன் வாசலில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"உன் வண்டி இருமினது எங்க அடுப்படி வரைக்கும் கேட்டுச்சுப்பா," என்றான் நீலாஸ். "ஏன் இன்னும் ஆளைக் காணோம்னுதான் பார்த்தேன். உள்ள வா, காபி ஆறுது."