தலைப்பெட்டியும் கால்மிதியும்

கண்ணுக்கு எட்டுவது கருத்துக்கு எட்டாமல் போவதே கொடைக்கானலுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளின் பெருங்குறை என்று லூர்துசாமி கருதினான். மலை விளிம்பின் கம்பிவேலியைப் பற்றிக்கொண்டு அவர்கள் கீழே விரிந்து கிடக்கும் சமவெளியைப் பார்ப்பார்கள், "அடேயப்பா!" என்பார்கள், "அது எந்த ஊரு?" என்பார்கள். விடை சொல்ல ஆளில்லாமையால், சுட்ட சோளக்கதிரை வாங்கிக் கடித்துக்கொண்டே போய்விடுவார்கள். இக்குறையைத் தீர்க்கும் பொருட்டு அவன் செய்ததே தலைப்பெட்டி.

லூர்துசாமி நாயுடுபுரத்து மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் முக்காலியில் அமர்ந்து வில்லை தேய்ப்பவன், கண் சோதனைக்கும் உதவுபவன். மெல்லிய பலகையால் ஆன அவனது பெட்டியைத் தொப்பிபோல் தலையில் மாட்டித் தோல்வாரால் இறுக்கிக்கொள்ள வேண்டும். முன்பக்கமும் அடிப்பக்கமும் திறந்திருக்கும். கண்ணுக்கு எதிரே சாய்வாக, ரசம் பூசாத ஒரு கண்ணாடி. பெட்டியின் முகட்டில் ஒரு வில்லை. அதற்கு மேல் எழுத்துப் பொறித்த தகடு. வானத்து வெளிச்சம் எழுத்தின் வழியே இறங்கிச் சாய்ந்த கண்ணாடியில் விழும். மலையும் தெரியும், எழுத்தும் தெரியும். முகட்டில் எழுதியது மலைமேல் எழுதியதுபோல் தொலைவில் மிதக்கும். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்காதிருக்க, மலைப்பாதை ஓட்டுநர்கள் மழைக்காலத்தில் செய்வதுபோல் உருளைக்கிழங்குத் துண்டால் ஒரு தேய்ப்பு. குளிருக்கு அஞ்சிக் குரங்குக் குல்லாய் அணிந்து வருவோருக்கும் பொருந்தும்படி உள்ளளவைச் சற்றுத் தாராளமாகவே வைத்திருந்தான்.

எழுபத்தொன்பதாம் ஆண்டுக் கோடைப் பருவத்தில் வேலியோரம் கடை போட ஓர் இடம் காலியாயிற்று. அதைக் கேட்டவர்கள் இருவர். ஒருவன் லூர்துசாமி, மற்றவன், கூடையையும் அடுப்பையும் தூக்கிக்கொண்டு அலைந்து சலித்த சோளக்கதிர் மயில்சாமி. அதிகாரி தண்டாயுதபாணி திங்கட்கிழமை காலையில் வந்து, நேரில் பார்த்து, முடிவு சொல்வார் என்று தகவல் வந்தது. லூர்துசாமியோ இடம் கிடைக்கும் முன்பே வேலையை விட்டுவிட்டான். முதலாளி கோபிக்கவில்லை. "போய்ட்டு வாப்பா. முக்காலியை நான் ஒண்ணும் தூக்கிப் போட்டுற மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். வசவாக இருந்திருந்தால் ஆறிப்போயிருக்கும், இச்சொல் ஆறவில்லை. மீண்டும் அந்த முக்காலியில் போய் அமர்வதா என்னும் எண்ணமே அவனுக்கு வேப்பங்காயாய்க் கசந்தது.

சனிக்கிழமை முதல் வெள்ளோட்டம். மதுரையிலிருந்து வந்த புதுமணத் தம்பதியருள் கணவன் பெட்டியை மாட்டிக்கொண்டான். முதலில் எல்லாம் செவ்வனே நிகழ்ந்தது. 'வைகை அணை' என்னும் எழுத்து, தொலைவில் பளபளத்த நீர்ப்பரப்பின்மேல் பொருத்தமாகச் சென்று அமர்ந்தது. மகிழ்ச்சி மேலிட்ட கணவன் அதைச் சொல்வதற்காக மனைவியின் பக்கம் திரும்பினான்.

"ஏய், உன் மூக்கு மேல வைகை அணைன்னு எழுதியிருக்குடி!"

"கழட்டிட்டு இங்கிட்டுக் குடுங்க. உங்க மூஞ்சில என்ன எழுதியிருக்குன்னு நான் பாத்துச் சொல்றேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். லூர்துசாமி பதறினான். "தலைய அசைக்காதீங்க சார்! தாடைய நேரா வைங்க!"

"நான் என்ன கண் டெஸ்டுக்கா வந்திருக்கேன்?" என்றான் கணவன். அவன் திரும்பிய பக்கமெல்லாம் வைகை அணையும் திரும்பியது. குதிரைமேல் ஏறியது, பஞ்சுமிட்டாயில் இறங்கியது.

"ஏலே லூர்து!" என்று கத்தினான் மயில்சாமி. "அணை என் அடுப்பு மேல வந்து நிக்குதாம்ல. மதகைத் தொறந்து விட்றாத, கதிரு பூரா நனஞ்சிரும்!"

ஆண்டுக்கணக்கில் தாடையை ஓரிடத்தில் ஊன்றி அமர்ந்தவர்களின் கண்களையே பார்த்துப் பழகிய லூர்துசாமிக்கு, மனிதனுக்குக் கழுத்து என்று ஓர் உறுப்பு உண்டென்பது அன்றுதான் நினைவுக்கு வந்தது.

மாலையில் பெட்டியைத் தானே மாட்டிக்கொண்டு அடுக்களையில் நின்று யோசித்தான். அவன் மனைவி செல்வமேரி, மிஷன் பள்ளி விடுதியில் ஆயா வேலை பார்ப்பவள், அப்போதுதான் வந்து அடுப்பைப் பற்றவைத்திருந்தாள்.

"அந்தப் பொட்டியக் கழட்டி வச்சிட்டுக் காப்பித்தூள எடுங்க. டப்பா மேல பேரு எழுதி ஒட்டியிருக்கு."

"எல்லா டப்பாலயும் எதுக்குப் பேரு?"

"எதுக்கா? மல்லித்தூளப் போட்டு டிகாக்சன் எறக்குன மகராசன் இந்த வீட்டுலதான் இருக்காரு, அதுக்குத்தான்."

லூர்துசாமி அலமாரியைப் பார்த்தான். வலப்புறம் திரும்பினான், இடப்புறம் திரும்பினான். காப்பித்தூள் என்னும் பெயர் டப்பாவின் மேலேயே இருந்தது. அவன் தலையோடு கூடி வரவில்லை.

"மேரி! பேரு டப்பாவுக்குத்தான சொந்தம்? பாக்குறவன் தலைக்கு இல்லையே!"

"இதக் கண்டுபிடிக்கப் பொட்டி வேற மாட்டணுமாக்கும்" என்றாள் செல்வமேரி. "வெரசா எடுங்க, பால் பொங்குது."

அன்றே அவன் பெட்டியின் உள்ளமைப்பை மாற்றினான். பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டு, ஒரேயொரு சிறு வளையத்தை மட்டும் முகட்டில் பொறித்தான். பெயர்களை வளைந்த தகரப் பட்டையொன்றில் எழுதி, வேலியோரம் நிறுத்தக்கூடிய இரும்புத் தாங்கியில் மார்பளவு உயரத்தில் பொருத்தினான். இனி மலை எங்கே இருக்கிறதோ, அதற்கு நேர் கீழே அதன் பெயரும் இருக்கும். பார்ப்பவர் தம் வளையத்தைத் தாம் விரும்பிய இடத்தின்மேல் வைக்க வேண்டும். பின்பு அப்படியே தாடையைத் தாழ்த்த வேண்டும். வளையம் இறங்கிப் பெயரின்மேல் நிற்கும். எவ்வளவு திரும்பினாலும் தவறில்லை. ஆனால் நிற்கும் இடம் மட்டும் தவறக்கூடாது. ஓரடி விலகி நின்றாலும் பெருமாள்மலைக்கு அணையின் பெயர் வந்துவிடும்.

ஆகவே, நிற்க வேண்டிய இடத்தைப் படிக்கத் தெரியாதவரும் அறியும்படி காட்ட வேண்டும். ஞாயிறன்று வெள்ளனே எழுந்து, பூசைக்குப் போகும் முன், வேலியோரச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்றான். செல்வமேரி சுண்ணக்கட்டியால் அவன் பாதங்களைச் சுற்றிக் கோடிட்டாள். கோட்டுக்குள், வீட்டுக் கதவுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயிண்டைப் பூசினார்கள்.

"உங்க வலது சுண்டுவிரலு கோணலு, அப்படியே விழுந்திருக்கு பாருங்க" என்றாள் அவள்.

"நிக்கிறதுக்குத்தான? கோணலா இருந்தா என்ன?"

காலை வைப்பதற்குக் காலைப் போல வேறெந்த அடையாளம் பொருத்தமாக அமையும்? தன் அறிவைத் தானே மெச்சிக்கொண்டு அவன் கோவிலுக்குச் சென்றான்.

பூசை முடிந்து திரும்பி வந்தபோது வேலியோரம் ஒரே கூட்டம். பழனியில் சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே மலையேறி வந்தவர்களின் வேன் ஒன்று ஓரமாக நின்றது. மஞ்சள் பாதங்களின்மேல் விபூதி, அதன்மேல் குங்குமம், அதன்மேல் கதம்பப் பூ. பண்ணைக்காட்டிலிருந்து வந்திருந்த கருப்பம்மாள் என்னும் குள்ளமான அம்மாள், தம் தோட்டத்து மலைவாழைப்பழம் இரண்டை அங்கே வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

லூர்துசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தான். "அம்மா... அது... நீங்க ஏறி நிக்கிறதுக்குப் போட்டதுங்க."

"நானா? பாதத்து மேலயா?" கருப்பம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் தம்பி, நான் நல்லா இருக்கிறது உங்களுக்குப் பிடிக்கலையா?"

அன்று முழுவதும் பெட்டியை மாட்டிக்கொள்ளப் பலர் வந்தார்கள். ஆனால் அனைவரும் செருப்பைக் கழற்றி, பாதத்தைத் தொட்டு வணங்கி, மரியாதையாக இரண்டடி தள்ளி நின்று பார்த்தார்கள். பெருமாள்மலை பெரியகுளமாயிற்று, பெரியகுளம் வெறும் வானமாயிற்று. கல்லும் கரையும்படி சொல்லிப் பார்த்தும் ஒருவரும் ஏறவில்லை. அழித்துவிடலாமா என்றால், பிறர் பூ வைத்து வணங்கியதைச் சுரண்ட அவனுக்கே கை வரவில்லை.

"கோணச் சுண்டுவிரலுக்கு இம்புட்டு மரியாதையா!" என்று செல்வமேரி வீடு வரும்வரை சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. கண்ணை மூடினால் முக்காலி வந்து நின்றது.

திங்கட்கிழமை காலை தண்டாயுதபாணி வந்தார். இரவில் பெய்த சாரலால் தரை சேறும் ஈரமுமாகக் கிடந்தது. மயில்சாமி தன் அடுப்பின் முன் சாக்கை மடித்துப் போட்டு அதில் மண்டியிட்டிருந்தான். கருப்பம்மாள், ஊருக்குத் திரும்பும் முன் பாதத்துக்கு இன்னொரு தடவை பூ வைக்க வந்திருந்தார். விடுதி வேலைக்குப் போகிற வழியில் செல்வமேரியும் வந்து நின்றாள்.

அதிகாரி முதலில் காலணியைக் கழற்றினார். குனிந்தார். பாதத்தைத் தொட்டு இரு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு பெட்டியை மாட்டிக்கொண்டு, மரியாதையாக இரண்டடி தள்ளியே நின்றார்.

"வளையத்தப் பெருமாள்மலை மேல வைக்கிறேன். தாடையத் தாழ்த்துறேன்..." என்றவர் நிறுத்தினார். "என்னய்யா இது? பெரியகுளம்ங்குது!"

"சரியான எடத்துல நிக்கணும் சார்."

"எதுய்யா சரியான எடம்?"

லூர்துசாமி மஞ்சள் பாதங்களைச் சுட்டினான். "பாதத்து மேல, சார்."

கூட்டம் முணுமுணுத்தது. அதிகாரி பெட்டியைத் தலையிலிருந்து எடுத்தார்.

"யாரு பாதம்னு தெரிஞ்சுதான் பேசுறியாய்யா?"

பொய்யொன்று அவன் நாவின் நுனிவரை வந்தது. ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னால் இனி எவரும் என்றைக்கும் அவ்விடத்தில் ஏறி நிற்க மாட்டார்கள், பெட்டியும் பயன்படாது. அவன் தன் வலது காலணியைக் கழற்றினான்.

"தெரியும் சார். என் பாதம்."

அனைவரும் தரையைப் பார்த்தார்கள். பின்பு அவன் காலைப் பார்த்தார்கள். தரையிலும் காலிலும் இருந்த இரு சுண்டுவிரல்களும் ஒரே கோணலாக வளைந்திருந்தன. மயில்சாமியின் கையிலிருந்த கதிர் நெருப்பில் விழுந்தது. அதிகாரி தம் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டேனேய்யா!"

எல்லாம் முடிந்தது என்று லூர்துசாமி எண்ணினான். அப்போது கருப்பம்மாள் முன்னே வந்தார்.

"அட விடுங்கய்யா. நேத்திலருந்து நான் விழுந்து விழுந்து கும்பிட்டிருக்கேன், நானே ஒண்ணும் சொல்லல. நான் கும்பிட்டது பழனியாண்டவன. இந்தத் தம்பி காலையா கும்பிட்டேன்? கும்பிட்டது போயி சேந்திருக்கும். ஆனா ஒண்ணு, பூ வச்ச எடத்துல யாரும் மிதிக்கப்படாது. அம்புட்டுத்தான்."

"அதுவும் சரிதான்" என்றார் அதிகாரி, சற்றே தெளிந்த முகத்துடன். தாம் வணங்கியதும் போய்ச் சேர்ந்திருக்கும் என்பது அவருக்கும் ஆறுதலாக இருந்தது போலும். "அப்ப நான் எங்க நிக்கிறது?"

லூர்துசாமிக்கு உயிர் வந்தது. தாங்கியைத் தூக்கி, பாதங்களுக்கு ஊறு நேராமல் சற்றுத் தள்ளி வைத்து, பெருமாள்மலையைப் பார்த்து நேராக்கினான். பையிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்துத் தரையில் ஒரு கோடு கிழித்தான். அதற்குக் குறுக்கே மற்றொரு கோடு கிழிக்கக் கையை ஓங்கினான்.

"ஏங்க!" என்று செல்வமேரி அவன் கையைப் பிடித்தாள். "சிலுவையப் போட்டு அது மேல ஏறி நிக்கச் சொல்லப் போறீங்களா? நேத்து அவுங்க சாமி, இன்னிக்கு நம்ம சாமியா?"

அவள் நான்கு புறமும் பார்த்தாள். விறுவிறுவென்று நடந்து சென்று, மயில்சாமியின் முழங்காலுக்கு அடியிலிருந்த சாக்கை உருவினாள்.

"ஏ மதினி! என் சாக்கு!"

"இருங்கண்ணே, தேஞ்சா போகும்?"

தாங்கியின் முன் அதை நான்காய் மடித்துப் போட்டாள். ஏறி நிற்கும்படி ஒருவரும் சொல்லவில்லை. தண்டாயுதபாணியின் வெறுங்கால்களில் சேறு அப்பியிருந்தது. அவை தாமாகவே சாக்கின்மேல் ஏறின. முன்னும் பின்னும் இழுத்துத் துடைத்துக்கொண்டன. பிறகு அங்கேயே நின்றுவிட்டன. எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ மிகச்சரியாக அந்த இடத்தில்.

லூர்துசாமி பெட்டியை நீட்டினான். அதிகாரி மாட்டிக்கொண்டார். தலை மெல்லத் திரும்பியது, நின்றது, தாழ்ந்தது.

"பெருமாள்மலை" என்றார். மீண்டும் திரும்பினார், தலையைத் தாழ்த்தினார். "வைகை அணை!" குரலில் வேகம் ஏறியது. "அந்தா, வெள்ளையா தெரியுது பாருங்க, அது... பெரியகுளம்! யாரும் சொல்லலய்யா, நானாக் கண்டுபிடிச்சேன்!"

லூர்துசாமி வாய் திறக்கவில்லை. தாமாகக் கண்டுபிடித்ததாக ஒருவர் எண்ணும்போது நடுவே புகுந்து பெருமை தேடுவது அறிவுடைமை ஆகாது என்பதை அந்நொடியில் உணர்ந்தான்.

பின்னால் வரிசை சேர்ந்துவிட்டதால் அதிகாரி மனமின்றியே பெட்டியைக் கழற்றினார். "எடம் உனக்குத்தான். நாளைக்கு ஆபீசுக்கு வா" என்றார். பிறகு பூவும் பழமுமாகக் கிடந்த மஞ்சள் பாதங்களைப் பார்த்தார். "மயில்சாமி, நீ இந்தப் பக்கமா ஒதுங்கிப் போட்டுக்க. பாதத்துக்கு வர்ற சனம் பசியோடதான் வரும்."

"அப்ப என் சாக்கு, சார்?"

"அது இனிமே சர்க்கார் அனுமதி பெற்ற சாக்குய்யா" என்று சொல்லிவிட்டு, காலணியைத் தேடிக்கொண்டு போனார்.

அடுத்து நின்றவர் கருப்பம்மாள். சாக்கில் காலைத் துடைத்து, பெட்டியை மாட்டி, எக்கி எக்கிப் பார்த்தார். கம்பிவேலியும் தகரப் பட்டையும் அவருக்குக் கழுத்தளவு நின்றன.

"என் மக பெரியகுளத்துலதான் வாக்கப்பட்டிருக்கா. எனக்கு எட்டலையே தம்பி!"

"செத்த இருங்கம்மா, இந்தா வந்துட்டேன்!"

லூர்துசாமி ஓட்டமும் நடையுமாக நாயுடுபுரத்துக்குப் போனான். மூச்சிரைக்கக் கடைக்குள் நுழைந்தவனைக் கண்டதும் முதலாளியின் முகம் மலர்ந்தது. மூலையிலிருந்த முக்காலியைக் கையால் தட்டித் தூசு போக்கினார்.

"வந்துட்டியா? நான்தான் சொன்னேன்ல, தூக்கிப் போட மாட்டேன்னு. உக்காரு."

"உக்கார வரலைங்க முதலாளி" என்று லூர்துசாமி முக்காலியைத் தோளில் ஏற்றிக்கொண்டான். "ஒரு அம்மா பெரியகுளம் பாக்கணும்னு நிக்கிறாங்க. சீசன் முடிஞ்சதும் திருப்பிக் கொண்டாந்து போட்டுர்றேன்."