மறுக்கிறவள் அங்கே இல்லை

வலியசாலை வீட்டிலிருந்தபடியே ஸ்பானிஷ் ஆவணங்களை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுப்பது மீராவின் வேலை. அன்று மூன்று மணிக்குள் அனுப்ப வேண்டிய வாக்குமூலத்தில் ஒரே ஒரு வரி பாக்கி இருந்தது.

லிமாவிலிருந்து லண்டனுக்குப் போய், ஒரு வீட்டில் பதினோரு வருஷம் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட நெலிதா என்பவளின் வாக்குமூலம். அவளாகவே ராஜிநாமா செய்தாள் என்கிறார்கள் வீட்டுக்காரர்கள், கையெழுத்தும் இருக்கிறது. அவள் சொல்வதோ, எஜமானி தன்னை நாள்தோறும் 'தெஸ்காஸ்தார்' செய்தாள் என்று.

தேய்ப்பது என்று தமிழ் உடனே வந்துவிட்டது. ஆங்கிலத்தில்தான் இடறியது. 'வோர் மீ டவுன்' என்றால் நச்சரித்து இணங்க வைத்தாள் என்றாகும். இணங்கினாய் அல்லவா என்று எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார். 'வோர் மீ அவுட்' என்றால் வெறும் அசதி. மீரா எழுதினாள், அழித்தாள், சமையலறைக்குப் போனாள், எதற்கு வந்தோமென்று தெரியாமல் திரும்பினாள்.

இரண்டு மணிக்கு, வேலை தரும் ஏஜென்சியிலிருந்து சிஜி மலையாளத்தில் கூப்பிட்டாள். "சேச்சி, 'டயர்டு மீ அவுட்' எந்நு இட்டால் போரே?"

போதாது, நெலிதாவிடமே கேட்க வேண்டும் என்றாள் மீரா. வக்கீல் வழியாகத்தான் கேட்கலாம், தாமதமாகும் என்று சொல்லி சிஜி ஃபோனை வைத்துவிட்டாள்.

"ஒரு வார்த்தைக்கா இந்தப் பாடு?" என்றான் லீவில் வீட்டிலிருந்த கணவன் நவநீத். "எப்படியும் அவளாத்தானே கையெழுத்துப் போட்டா. நீ காலேஜ் வேலையை விட்டாப்ல."

மீரா நின்றுவிட்டாள். நான்கு வருஷமாக இருவரும் தொடாத பேச்சு. துறைத்தலைவி அவள் வகுப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கியது, மேஜையை ஸ்டோர் ரூமுக்கு மாற்றியது, எதையும் அவள் வீட்டில் சொன்னதில்லை.

"நானா விடலை" என்றாள். உடனே சிஜியை அழைத்து, கேள்வியை அனுப்பு, தாமதத்தை என் பேரில் எழுது என்றாள்.

ஐந்து மணிக்குப் பதில் வந்தது. 'நான் ஒத்துக்கொள்ளவில்லை. தினம் கொஞ்சம் குறைந்தேன். அந்தத் தாளை நீட்டியபோது மறுக்கிறவள் அங்கே இல்லை.'

மீரா 'வோர் மீ அவே', தேய்த்தே இல்லாமலாக்கினாள், என்று எழுதி, நெலிதாவின் விளக்கத்தை அடிக்குறிப்பாகச் சேர்த்து அனுப்பினாள். அடுத்த ஃபைல் வேறொருவருக்குப் போகிறது என்று சிஜியிடமிருந்து மெசேஜ் வந்தது.

உட்கார முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பழவங்காடிக் கோயில் பக்கம் நடந்தாள். தெருமுனையில் நவநீத் வந்து சேர்ந்துகொண்டான்.

"அங்கே என்னதான் ஆச்சு?"

முதலில் பறிபோன வகுப்பிலிருந்து மீரா சொல்லத் தொடங்கினாள்.