சுகந்தி நகர் மருந்தகம் நடந்த ஆண்டுகள்

காலை ஐந்தரைக்கு வைகுண்டராஜ் எழுவான். அடிகுழாயில் இரண்டு குடம் தண்ணீர் அடிப்பான். பால் வாங்கி வருவான். அவன் மனைவி ரத்தினம் வாசல் தெளித்து, கோலத்தைச் சுவரை ஒட்டிப் போடுவாள். தெருவில் இறக்கிப் போட்டால் மருந்தகம் அழித்துவிடும். ஆறு மணிக்குச் சற்று முன்னால் சுகந்தி நகர் மருந்தகம் இருந்த இடத்திலிருந்து அசைந்து எழும். படிகளை உள்ளே இழுத்துக்கொண்டு, அவர்கள் வீட்டைக் கடந்து, இடது ஓரமாகவே மெயின் ரோட்டுக்குப் போகும். பிறகு வைகுண்டராஜ் குளித்துவிட்டு மில்லுக்குக் கிளம்புவான்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, ரோட்டிலிருந்து வெகுவாக உள்ளே தள்ளி, பருத்தி விளைந்துகொண்டிருந்த நிலத்தில் ஐயாதுரை 1988இல் மனை போட்டார். மகள் பெயரை வைத்தார். கற்களுக்கு வெள்ளையடித்து, கலர்க் கொடி கட்டி, வேனில் ஆட்களை அழைத்து வந்து பிரியாணி போட்டார். அனுமதி வேண்டுமென்றால் நிலத்தில் ஒரு பங்கைப் பொது உபயோகத்துக்கு விட்டாக வேண்டும். ஐயாதுரை அதற்கு மேலும் ஒப்புக்கொண்டார். பிரசவ அறையுடன் ஒரு மருந்தகத்தைத் தன் செலவில் கட்டிப் பஞ்சாயத்துக்குக் கொடுப்பதாக எழுதிக் கொடுத்தார். தன் செலவு என்று அவர் சொன்னது மனை விலையில் ஏற்றிய தொகையைத்தான். வாங்கியவர்களுக்கு அது தெரியும்; தெரிந்தேதான் கொடுத்தார்கள். மருந்தகத்தை ஒட்டிய மனைகளுக்கு விலை இன்னும் கூடுதல். ரத்தினம் தன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்து அதில் ஒன்றையே வாங்கச் சொன்னாள். பிள்ளை பெறுகிற வயதில் இருந்தாள்.

மருந்தகம் எழும்பியது. ஆனால் ஐயாதுரை அதற்கு அஸ்திவாரம் போடவில்லை. மண்ணுக்குள் போவது யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது என்று கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறார். பிடிமானம் இல்லாத கட்டடம் முதல் மழைக்குப் பிறகு நடக்கத் தொடங்கியது. முதலில் ஐயாதுரை பயந்தார். கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கி வந்து நிலைப்படியில் பூசினார். அடுத்த வாரம் யோசித்தார். தளவாய்புரம் பக்கம், ஆலங்குளம் பாதையில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக் கோயிலுக்குப் போகும் வழியில் என்று அவருக்கு இன்னும் மூன்று நகர்கள் இருந்தன. மூன்றிலும் மருந்தகம் கட்டித் தருவதாகச் சொல்லியே மனைகளை விற்றிருந்தார். அவர் அந்தக் கட்டடத்துக்கு வழி காட்டினார். அது மாடு மாதிரிப் பழகிக்கொண்டது. எந்த நகருக்குப் பார்வையிட அதிகாரி வருகிறாரோ, அந்த நகரில் காலையிலேயே போய் நிற்கும். அதிகாரிகள் நான்கு இடங்களிலும் அதே மேற்குச் சுவரையும் அதே விரிசலையும் பார்த்தார்கள். நான்கு இடங்களிலும் திருப்தி என்றார்கள். மதியத்துக்குள் கட்டடம் சுகந்தி நகருக்குத் திரும்பிவிடும். உள்ளே இருந்த நர்ஸும் கூடவே போய் வந்தார். இறங்கிக்கொண்டால் வேலைக்கு வரவில்லை என்று சம்பளத்தைப் பிடித்துவிடுவார்கள். அவர் கெட்டிக்காரர். கட்டடம் தன் இடத்தில் இருந்த பொழுதுகளில் சுகந்தி நகரில் பிறந்த பிள்ளைகளெல்லாம் அவர் கையில் பிறந்தவைதான்.

1992 ஆவணியில் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு ரத்தினத்துக்கு வலி கண்டது. பிரசவத்துக்கு நாள் இன்னும் இருந்தது. மருந்தகம் போய்விட்டிருந்தது. அது நின்ற இடத்தில் சதுரமாக வெளுத்த மண் மட்டும் கிடந்தது. பக்கத்து வீட்டு மெகராஜ் பேகம் ஓடி வந்து துணிகளை மடித்து மடித்து வைத்தார். உதிரம் நிற்கவில்லை. நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் காயக் கட்டுத்துணி நெய்து அனுப்புகிற வட்டாரம் அது. வைகுண்டராஜ் சைக்கிளில் ராஜபாளையம் போய் ஒரு வாடகைக் காரோடு திரும்ப இரண்டு மணி நேரம் ஆனது. பேர் பதிந்திருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வாசலில் காரை நிறுத்தியபோது அவளும் இல்லை, பிள்ளையும் இல்லை.

காரியம் முடிந்ததும் நகர்க்காரர்கள் ஐயாதுரையின் ஆபீசுக்குப் போனார்கள். அவர் எல்லோருக்கும் கலர் வாங்கிக் கொடுத்தார். வைகுண்டராஜின் தோளில் கையை வைத்து ஆறுதல் சொன்னார். பிறகு சொன்னார்:

"தம்பி, ஆஸ்பத்திரி நடந்து வார ஊரு எங்கயாச்சும் உண்டா? மத்த ஊர்ல சனம் ஆஸ்பத்திரியத் தேடிப் போகுது. நம்ம ஊர்ல அது சனத்தத் தேடி வருது."

மெகராஜ் பேகம் கலரைக் குடிக்காமல் மேசையில் வைத்தார்.

"வலி வாரப்ப வந்தா நீங்க சொல்றது சரி, மொதலாளி. இது ஆபீசர் வாரப்பல்லா வருது."

பஞ்சாயத்தில் கேட்டார்கள். கட்டடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது, அது இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும் என்றார்கள். தாலுகா ஆபீசில் கேட்டார்கள். புகார் கொடுக்கப் போன அன்றும் மருந்தகம் அந்த ஆபீஸ் வாசலைக் கடந்துதான் போனது. குமாஸ்தா ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார். டீயைக் குடித்து முடித்தார். கட்டடம் நல்ல நிலையில்தானே இருக்கிறது என்றார். இப்படியே இரண்டு வருஷம் போனது. அதற்குள் வேறு ஒரு வீட்டிலும் ஒரு பெண் அதே மாதிரி செத்துப்போனாள். ஐயாதுரை அந்தச் சாவுக்கும் மாலையோடு வந்தார்.

ரத்தினத்தின் அண்ணன் பால்ச்சாமி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேருக்குக் கட்டை போடுகிறவர். அவ்வளவு பெரிய தேர் ஆட்கள் இழுக்க இழுக்க ஓடிவரும்போது, சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகி நிறுத்துவதும் திருப்புவதும் அவர்கள் வேலை. 1994இல் தேர் நிலைக்கு வந்த மறுநாள் பால்ச்சாமி தன் ஆட்களோடு ஒரு மாட்டுவண்டி நிறையப் புளியங்கட்டைகளைச் சுகந்தி நகருக்குக் கொண்டுவந்தார்.

"மாப்ள, தேருன்னா சாமி உள்ள இருக்கு, பாத்துப் போடணும். இதுல என்ன இருக்கு? காலி பாட்டிலு. தாராளமாப் போடலாம்."

காலையில் மருந்தகம் எழுந்தது. வலது மூலையில் முதல் கட்டை விழுந்தது. கட்டடம் திமிறி இடது பக்கம் திரும்பியது. அங்கேயும் விழுந்தது. தெருவே திரண்டு சுவரில் முதுகைக் கொடுத்துத் தள்ளியது. நர்ஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, விடாதீர்கள் என்று மட்டும் சொன்னார். மதியம்வரை முண்டிவிட்டுக் கட்டடம் பெருமூச்சு மாதிரி ஒரு சத்தத்தோடு உட்கார்ந்தது. உடனே சுற்றிலும் பள்ளம் வெட்டிக் கல்லும் சிமெண்டும் கொட்டினார்கள். ஐயாதுரை மிச்சம் பிடித்த அஸ்திவாரத்துக்கு அவர்கள் இரண்டாவது முறையாகக் காசு கொடுத்தார்கள். அன்று தளவாய்புரம் நகருக்குப் போன அதிகாரி வெறும் மண்ணைப் பார்த்துவிட்டு வேறு வழியில்லாமல் உள்ளதை எழுதினார். ஒரு வருஷத்துக்குள் மற்ற மூன்று நகர்களிலும் மருந்தகங்கள் வந்தன. அவற்றுக்கு அஸ்திவாரம் இருந்தது.

சுகந்தி நகர் மருந்தகம் இன்றும் காலையில் ஒருமுறை அசைந்து பார்க்கும். பாட்டில்கள் கிணுகிணுக்கும். நர்ஸ் எழுந்து அலமாரியைப் பிடித்துக்கொள்வார். பிறகு நின்றுவிடும். வரிசையில் இருப்பவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

1996இல் ஐயாதுரை அதன் வாசலில் ஒரு சலவைக்கல் பதித்தார். உபயம் என்று தன் பெயரைப் போட்டுக்கொண்டார். கீழே, ரத்தினம் கடைசியாகச் சொன்னது என்று ஒரு வரி: என் உயிர் போனாலும் இந்த ஊருக்கு மருத்துவம் நிலைக்கட்டும். விழாவுக்கு வந்தவர்கள் அதைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கல்லை எடுக்கச் சொல்லி வைகுண்டராஜ் பஞ்சாயத்தில் கேட்டான். வாசகம் நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. அவளுக்கு அப்படிப் பேசவும் வராது. அன்று ஆஸ்பத்திரிக்குக் காரில் போகையில், பாதி வழியில், அந்த மருந்தகம் திருவண்ணாமலைப் பக்கத்து நகரில் வேலை முடிந்து எதிரே திரும்பி வந்துகொண்டிருந்தது. டிரைவர் காரை மண்ணில் இறக்கி அதற்கு வழிவிட்டார். ஜன்னலில் நர்ஸ் தெரிந்தார். வைகுண்டராஜின் மடியிலிருந்து ரத்தினம் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அந்தா வருது பாருங்க. வண்டியத் திருப்பச் சொல்லுங்க."