கைதித் தோட்டத்தில் ஒரு பேர்

வடகரப்பதியிலிருந்து வேலந்தாவளம் போகிற பாதையில், ஊரைத் தாண்டிய மேட்டில் பட்டாளத்தில் அதிகாரியாக இருந்த வெள்ளைக்காரத் துரை ஒரு தோட்டத்தைப் போட்டிருந்தார். சுற்றிலும் கம்பி வேலி, உள்ளே சவுக்குக் கன்றுகள், நடைபாதையின் இரு புறமும் சுண்ணாம்பு அடித்த கற்கள். நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கருங்கல் பலகை நின்றது. மெசபடோமியாச் சண்டையில் துருக்கிக்காரரிடம் பிடிபட்டு, சிறையிலேயே செத்துப்போன இந்தப் பக்கத்து ஆட்களின் பேர்கள் அதில் வெட்டப்பட்டிருந்தன. இங்கிலீஷில் அதற்கு நீளமான ஒரு பெயர் உண்டு. ஊரார் கைதித் தோட்டம் என்றார்கள்.

துரையும் அங்கே பிடிபட்டவர்தான். ஆனால் அதிகாரிகளைக் கொண்டுபோன விதம் வேறு, சிப்பாய்களையும் கழுதை ஓட்டிகளையும் கொண்டுபோன விதம் வேறு. துரை வண்டியிலும் ரயிலிலும் போனார். மற்றவர்களைப் பாலைவனத்தில் நடத்தினார்கள்.

பழனாத்தாளின் புருஷன் அப்படி நடந்தவர். பட்டாளத்துக் கோவேறு கழுதைகளை ஓட்டப் போனவர் அவர். போனபோது மகள் கருப்பாத்தாள் இடுப்பில் இருந்த குழந்தை. மறு வருஷம் ஊர் வரி வசூலிக்கிற பார்வத்தியக்காரர் வீட்டுக்கே வந்து, சர்க்கார் தகவல் வந்திருக்கிறது, ஆள் சிறையில் இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார். உடம்பு இல்லாததால் வைக்கோலில் ஓர் உருவம் கட்டி, அவருடைய வேட்டியை அதற்கு உடுத்தி எரித்தார்கள். பழனாத்தாளின் தாலியைக் கழற்றிப் பாலில் போட்டார்கள். அவளுடைய அண்ணன் கோடிச் சேலை கொண்டுவந்து போர்த்தினான்.

சண்டை முடிந்து ஒரு வருஷம் கழித்து அவர் நடந்து வந்து வாசலில் நின்றார்.

தெருப் பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடின. பெரியவர்கள் கூடிப் பேசி, தலையை மழித்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றி வீட்டுக்குள் விட்டார்கள். தாலி விஷயத்தில் மட்டும் ஆளுக்கொன்று சொன்னார்கள். நாமே நெருப்பு வைத்துவிட்டவனுக்கு மறுபடியும் எப்படிப் பெண்டாட்டி என்றார்கள் சிலர். பேச்சு முடியாமலே வருஷங்கள் போயின. பழனாத்தாள் வெள்ளைச் சேலையில் அவருக்குச் சோறு போட்டாள். அவர் மாட்டுக் கொட்டாயில் தங்கினார். அங்கேயும் படுப்பதில்லை, தூணில் சாய்ந்து கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பார். தகப்பன் என்று எரிகிற வைக்கோலைக் காட்டி வளர்த்த மகள் அவரை அப்பா என்று ஒரு நாளும் கூப்பிடவில்லை. "அவிய சாப்பிட்டாச்சா?" என்று கேட்பாள். அவ்வளவுதான்.

பழனாத்தாளுக்கே சில சமயம் சந்தேகம் வரும். வட்டிலைச் சுற்றி ஒரு கையை அணை கட்டியது போல் வைத்துக்கொண்டு சாப்பிடுகிற இந்த மனுஷன், போனவர்தானா என்று.

கருப்பாத்தாளுக்கு இப்போது பதினாறு வயது. வந்த இடமெல்லாம் தட்டிப்போய், கடைசியில் ஒழலப்பதியில் ஒரு இடம் கூடி வந்தது. தை மாதம் முகூர்த்தம். அதற்கு முன்னால் கோயிலில் வைத்துப் பழனாத்தாளுக்குத் தாலி கட்டிவிடலாம், பிறகு தகப்பனும் தாயுமாக நின்று பெண்ணைத் தாரை வார்க்கட்டும் என்று பெரியவர்களும் இறங்கி வந்தார்கள். அந்த நேரம் பார்த்துத் துரையின் கல் எழுந்தது. பழைய சர்க்கார் தகவலை யாரும் திருத்தவில்லை. செத்தவர்கள் வரிசையில் அவர் பேரும் இருந்தது.

மாப்பிள்ளையின் தகப்பனார் கூடத்தில் வந்து உட்கார்ந்து, மோர் கூடக் குடிக்காமல் சொல்லிவிட்டுப் போனார். "வைக்கோலை எரிச்சது உங்க ஊட்டு விசயமுங்க. கல்லு அப்பிடி இல்லீங்க. ரோட்டுல போறவன் வாறவனெல்லாம் படிக்கறான். கல்லுல பேரு இருக்கறவரு தாரை வார்த்தா, பொணம் ஊத்துன தண்ணீம்பாங்க. பேரை எடுத்துட்டு வாங்க. பொண்ணை நாங்க கூட்டீட்டுப் போறோம்."

வியாழக்கிழமை துரை வருவார், விட்டுப்போன இரண்டு பேர்களை வெட்டக் கல்தச்சனும் வருகிறான் என்று பார்வத்தியக்காரர் சொன்னார். அன்று காலையில் பழனாத்தாளும் புருஷனும் வண்டி பூட்டிக் கிளம்பினார்கள். அவர்தான் ஓட்டினார். வழியெல்லாம் கணவாய்க் காற்று பனைகளைப் போட்டு உலுக்கியது. ஓலைகள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும் சத்தத்தில் பேசவும் முடியவில்லை. 

தோட்டத்து வாசலில் ஒரு பெண்பிள்ளை குடத்தோடு நின்றாள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற கத்தரீனாள். அவளுடைய புருஷன் பேரும் கல்லில் இருந்தது.

"கோழி கீழி கொண்டாந்திருந்தா இப்பவே திருப்பி எடுத்துட்டுப் போயிரு அம்முணி" என்றாள், பழனாத்தாளின் கூடையை எட்டிப் பார்த்தபடி. "போன அமாவாசைக்கு ஒருத்தன் சேவலைக் கொண்டாந்து கல்லு முன்னாடியே அறுத்துப்போட்டான். துரை மயக்கம் போட்டு விழாத குறை. நேத்து யாரோ மஞ்சளைப் பூசி வெச்சிருக்காங்க. தேய்ச்சுத் தேய்ச்சு எனக்குக் கையே மஞ்சளாப் போச்சு, கல்யாணப் பொண்ணாட்ட."

"கோழி இல்லீங்க அக்கா. துரையைப் பாக்கோணும்."

கத்தரீனாள் அதற்குள் வண்டியை அவிழ்க்கிற ஆளைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் மலர்ந்தது. "அட, நீங்களா! இன்னிக்குச் சந்தை இல்லியே, எங்க இந்தப் பக்கம்?"

அவர் மாடுகளைச் சவுக்குக் கட்டையில் கட்டினார்.

"உங்களுக்கு இவியளைத் தெரியுமுங்களா?" என்று கேட்டாள் பழனாத்தாள்.

"தெரியாமயா? சந்தை தவறாம வாறாரே! மூட்டையை எறக்கீட்டு வாற வழியில வண்டியை நிறுத்திப்போட்டு, அதா, அந்தக் கல்லுக்கு நேரா துண்டை விரிச்சுப் படுத்துக்குவாரு. படுத்தா அடிச்சுப்போட்டாப்பல தூக்கம். பொழுது எறங்குது எந்திரீங்கன்னு நாந்தான் எழுப்பி உடுவேன். பேரைக் கேட்டா மட்டும் வாயைத் தொறக்க மாட்டாரு." குரலைத் தாழ்த்தினாள். "என்ற ஊட்டுக்காரரைத் தெரியுமான்னு ஒருக்காக் கேட்டேன். பேரு வரிசையைக் கையால தடவிக் காட்டி, 'இப்பிடித்தான் பக்கத்துல பக்கத்துல படுத்துக் கெடந்தோம்'னாரு. அன்னிக்கு அழுதேன் பாரு, அவரு போனாருன்னு சேதி வந்தன்னைக்குக் கூட அப்பிடி அழுவலை."

பழனாத்தாள் கூடையைக் கீழே வைத்தாள். பத்து வருஷமாக இந்த மனுஷன் படுத்துத் தூங்கி அவள் பார்த்ததில்லை. இப்போது அவர் அவளுக்கு முன்னால் நடந்து போய், கல்லுக்கு எதிரே மண் சற்று வழவழப்பாகிக் கிடந்த ஓர் இடத்தில் நின்றார். ஆள் படுத்துப் படுத்துத் தேய்ந்த இடம் அது.

அவள் பக்கத்தில் போனாள்.

"ஏனுங்க. பேரை எடுத்துப்போட்டாலும் இங்க வந்து படுத்துக்கலாமல்லங்க? யாரு வேண்டாங்கறாங்க?"

அவர் கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எடுத்துப்போட்டா இங்க நான் ஆரு?"

"புள்ளையை நெனைச்சுப் பாருங்க."

"நெனைக்காமயா வண்டி ஓட்டீட்டு வந்தேன்? உனக்கு வேணும்னா எடு. என்னையச் சொல்லச் சொல்லாதே."

துரை கல்லுக்குப் பின்பக்கமிருந்து வந்தார். வற்றிப்போன நெட்டை உடம்பு. தமிழ் நிதானமாக, புத்தகத்தில் படித்தது போல் வந்தது. பழனாத்தாள் வந்த காரியத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் சந்தோஷம் கூடிக்கொண்டே போனது. ஒரு பேரை வெட்டி எடுப்பதைவிட இந்தக் கல்லுக்கு நல்ல காரியம் கிடையாது என்றார். இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு அவள் புருஷனிடம் போனார்.

"சொல்லுங்கள். உங்கள் பேர் என்ன?"

அவர் வாயைத் திறக்கவில்லை. துரை நீட்டிய கையை மெல்ல இறக்கிக்கொண்டார்.

"சம்பந்தப்பட்டவர் வாயால் கேட்காமல் ஒரு பேரை எடுக்க முடியாது அம்மா. இவர் சொல்லவில்லையென்றால் நீங்கள் சொல்லலாம்."

கல்லடியில் உட்கார்ந்திருந்த கல்தச்சன் சந்தனம் உளியைத் துடைத்தபடி சிரித்தான். "பொண்டாட்டி எப்பிடிங்க தொரை சொல்லும்? புருசன் பேரைச் சொன்னா அவனுக்கு ஆயுசு கொறையுமுங்க."

அது பழனாத்தாள் ஒரு நாளும் சொல்லாத பேர். கலியாணம் ஆன நாளிலிருந்து, கோயிலில் அர்ச்சனைக்குக் கூட வேறு யாரையாவது விட்டுத்தான் சொல்லச் சொல்வாள். தாலி போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சந்தனத்தின் பக்கம் திரும்பி, ஊரில் பெண்டுகள் சொல்கிற விதமாகச் சொன்னாள்.

"திருச்செங்கோட்டு மலை மேல இருக்கற சாமி பேருங்க."

"அப்பிடிச் சொல்லுங்க!" சந்தனம் எழுந்து பலகையில் விரலை ஓட்டினான். "மலை மேல செங்கோட்டுவேலன். இதா இருக்குது, செங்கோடன். இதுதானுங்களே?"

பழனாத்தாளுக்குப் படிக்கத் தெரியாது. அவளுக்கு அந்த வரிகள் எல்லாம் ஒன்று போலத்தான் இருந்தன. அந்த மலையில் இரண்டு சாமி உண்டு என்பது அவளுக்குத் தெரியும், சந்தனமும் அறிந்ததுதான். ஆனால் வெயிலும் காற்றும், பக்கத்தில் நின்ற துரையும், கண்ணெதிரில் அந்தத் தேய்ந்த மண்ணும் சேர்ந்து அவளைத் திணற அடித்திருந்தன. வந்த காரியம் முடிந்தால் போதும் என்று தலையை ஆட்டிவிட்டாள். சந்தனம் உளியை வைத்துச் சுத்தியை ஓங்கினான். முதல் அடியில் ஒரு சில்லு தெறித்தது.

அடுத்த அடி விழவில்லை. அவள் புருஷன் பாய்ந்து போய் சந்தனத்தின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"செங்கோடனை உடு!"

 அவருக்கு மூச்சு வாங்கியது. தெறித்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார், குழந்தைக்கு அடிபட்ட இடத்தைத் தடவுவது போல.

"இவன எதுக்கு எடுக்கறீங்க? இவனுக்குப் போறதுக்கு எடம் ஏது? இவன் எங்கீங்க போவான்?"

சந்தனம் கையை விடுவித்துக்கொண்டு, "நான் என்னங்க கண்டேன், அம்மாதான் தலையாட்டுச்சு" என்று முனகினான். கத்தரீனாள் சிலுவை போட்டுக்கொண்டாள். அவளுடைய புருஷன் பேர் செங்கோடனுக்கு அடுத்த வரியில் இருந்தது.

"அப்படியானால் எது?" என்றார் துரை. அவர் குரலும் தாழ்ந்திருந்தது. "ஐயா, உங்களுடையது எது?"

அவர் கல்லிடமிருந்து பின்வாங்கித் தன் இடத்தில் போய் நின்றுகொண்டார். இனி அந்த வாயிலிருந்து எதுவும் வராது என்று பழனாத்தாளுக்குத் தெரிந்துபோயிற்று. அவள் சும்மா இருந்தால் போதும். துரை வந்த வழியே போய்விடுவார். சந்தை நாளில் வண்டி இங்கே நிற்கும், இவர் தூங்குவார். வீட்டில் கருப்பாத்தாள் கேட்பாள், பேர் போச்சா என்று. ஒழலப்பதிக்காரர்கள் வேறு இடம் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு பெண் கேட்டு அவள் வாசலுக்கு யாரும் வரமாட்டார்கள். இது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஆயுசு குறையும் என்கிறார்கள். எரித்து முடித்த மனுஷனுக்கு எந்த ஆயுசு?

சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு சத்தமாகவே வந்தது, தோட்டம் முழுவதும் கேட்கும்படி.

"அர்த்தநாரி."

"ஹாஜர்!"

அவருடைய குரல்தான். ஆனால் அவள் வீட்டில் கேட்ட குரல் அல்ல. குதிகால்கள் சேர்ந்து, கைகள் தொடையோடு ஒட்டி, முகவாய் உயர்ந்து, அர்த்தநாரி கம்பம் போல நின்றார். பார்வை கல்லையும் தாண்டி எங்கோ இருந்தது. துரையின் கை தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றியது. 

"காலையில்" என்றார் துரை, யாரையும் பார்க்காமல். "காலையில் பேர் கூப்பிடுவார்கள். உயிரோடு இருப்பவன் அப்படிச் சொல்ல வேண்டும். சொல்லாதவனை அங்கேயே விட்டுவிட்டு மற்றவர்களை நடத்துவார்கள்."

அர்த்தநாரி அசையவில்லை. தலை மட்டும் லேசாக இடப்புறம் சாய்ந்திருந்தது. அடுத்த பேரைக் கூப்பிடுவார்கள், பக்கத்தில் இருப்பவன் பதில் சொல்கிறானா என்று காது கொடுத்துக் கேட்கிற சாய்வு அது. கத்தரீனாள் அதைப் பார்த்துவிட்டாள். குடத்தை வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேலிப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

காற்று சவுக்குக் கன்றுகளைத் தரையோடு வளைத்தது. யாரும் எந்தப் பேரையும் கூப்பிடவில்லை.

சந்தனம் விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினான். இந்த முறை துரை குனிந்து தானே படித்துப் பார்த்துத் தலையசைத்தார்.

"வெட்டட்டுங்களா?"

துரை பழனாத்தாளைப் பார்த்தார். அவள் அர்த்தநாரியைப் பார்த்தாள். அவர் இன்னும் காது கொடுத்தபடி நின்றார்.

"வெட்டுங்க" என்றாள்.

உளி கல்லில் விழுந்த முதல் சத்தத்துக்கு அவர் உடம்பு ஒருமுறை குலுங்கியது. பழனாத்தாள் போய் அவருக்கும் கல்லுக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.