ஆலீஸின் முழங்கால்

கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுப்பதும் ஆளை அனுப்புவதும் கலியாணம் பேசுவதைவிட மோசமான வேலை. கலியாணத்திலாவது பெண்ணிடம் ஒப்புக்கு ஒரு வார்த்தை கேட்பார்கள்.

பாரிசின் தமிழர் பகுதியான லா ஷப்பலில் பிறந்து வளர்ந்த கஜனி, பாரிசுக்கு வடக்கே ஒரு தொழில்முறைப் பெண்கள் கழகத்தில் ஆட்டப் புள்ளிவிவரக் கணக்குப் பார்ப்பவள். 2016இல் அணி இறுதிப்போட்டியில் ஒரே ஒரு கூடையால் தோற்றது. உயரமான ஆட்டக்காரி ஒருத்தி வந்தால் அடுத்த வருடம் கிண்ணம் நிச்சயம் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படி ஒருத்தியைத் தர தெற்கே ஒரு கழகம் தயாராக இருந்தது. பதிலுக்கு அவர்கள் கேட்டது அணித்தலைவி ஆலீஸை. இல்லையென்றால் வளர்ந்துவரும் இளசுகள் இரண்டு பேரை.

கஜனி இரவு பகலாகக் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். இளசுகளைக் கொடுத்தால் நாளைக்கு அணியில் ஆள் இராது. ஆலீஸைக் கொடுத்தால் இன்றைக்கே அணிக்குத் தலை இராது. ஆலீஸுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது, இடது முழங்காலில் பழைய சத்திரசிகிச்சை வேறு. ஆனாலும் கணக்கு மயிரிழையில் ஆலீஸை வைத்துக்கொள்ளும் பக்கமே சாய்ந்தது.

கூட்டத்தில் கழகப் பொறுப்பாளர் மடிக்கணினியை மூடிவிட்டு, "எண்கள் கிடக்கட்டும். நீ அவளோடு பழகுகிறவள். எண்ணில் வராதது ஏதாவது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

அந்த மேசையில் கஜனியை யாரும் அவ்வளவு மதித்துக் கேட்டதில்லை. வாய் முந்திக்கொண்டது.

"தரையிலிருந்து எழும்ப அவளால் முடியவில்லை. இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது."

எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல நாக்கூசியிருக்கும். அது கஜனியின் அப்பா வரதராசாவின் திவசம். மனிதர் உயிரோடு இருந்தவரை ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. அரங்கமே திரும்பிப் பார்க்க ஆலீஸின் பெயரைச் சொல்லிக் கத்துவார். அந்த நன்றிக்காக ஆலீஸ் தானாகவே கேட்டு வந்திருந்தாள். மற்ற நாளில் மேசையில் சாப்பிட்டாலும் திவசத்துக்கு அந்த வீட்டில் பாய் விரித்து வாழையிலைதான். அந்த நெடுத்த பெண் காலை மடக்க முடியாமல் மடக்கி, கத்தரிக்காய்க் குழம்பிலிருந்து பாயசம் வரை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். எழும்பும்போது தடுமாறினாள். சித்தப்பாமார் இருவர் கைகொடுத்தார்கள். எல்லோரும் சிரிக்க அவளும் சிரித்தாள்.

ஆலீஸைக் கொடுப்பதென்று அன்றைக்கே முடிவாயிற்று. அவள் மறுத்திருக்கலாம். ஆனால் இங்கே இருந்தால் களத்தில் இறங்காமல் ஓரத்து வாங்கில்தான் இருப்பாய் என்று சொன்ன பிறகு எந்தத் தலைவிதான் நிற்பாள்? கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

கஜனிக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து இலையில் கை நனைத்தவளை வேவு பார்த்து விற்றுவிட்டேனே என்ற நினைப்பு ரயிலிலும் படுக்கையிலும் கூடவே கிடந்தது.

போகுமுன் கஜனியின் அம்மாவிடம் சொல்லிக்கொள்ள ஆலீஸ் ஒரு ஞாயிறு மத்தியானம் வந்தாள். அம்மா சாரதாதேவியின் பிரெஞ்சு இத்தனை வருடமாகியும் மரக்கறிக்கடை வாசலைத் தாண்டவில்லை. கஜனிதான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்க்க வேண்டும்.

"கதிரையிலை இரு பிள்ளை," என்றாள் அம்மா.

ஆலீஸ் கேட்கவில்லை. மூலையில் கிடந்த பாயை விரித்துச் சப்பணமிட்டு இருந்தாள். கை ஊன்றாமல் எழுந்து காட்டினாள். மறுபடியும் கீழே இருந்தாள்.

"அதற்குமுன் வாழ்க்கையில் நான் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. அன்றைக்குக் கால் இரண்டும் விறைத்துவிட்டது. அடுத்த திவசத்துக்கு உன் அப்பா முன்னால் வெட்கப்படக்கூடாதென்று தினமும் பழகினேன்," என்றாள்.

கஜனிக்கு அப்போதுதான் விளங்கியது. முழங்காலுக்கு ஒன்றுமே இல்லை. தரையில் இருக்கப் பழகாத சனமும் உலகத்தில் உண்டென்பது பாயில் தவழ்ந்து வளர்ந்தவளின் புத்தியில் ஏறவே இல்லை.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

"கீழை இருக்கப் பழகினவவாம்."

"பாவம், நல்ல பிள்ளை. இவவை ஏன் விட்டவை எண்டு கேள்."

கஜனி கேட்டாள். ஆலீஸ் தோளைக் குலுக்கினாள்.

"முழங்கால் என்கிறார்கள். வைத்தியர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள்."

"முழங்கால் பிரச்சினையாம்," என்ற கஜனி மிச்சத்தை விழுங்கிவிட்டாள்.

அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"முழங்காலோ? இவ எழும்பேலாமல் தடுமாறினது எங்கடை வீட்டுக்குள்ளைதானே. அது அங்கை எப்பிடிப் போனது?"

கஜனியின் முகமே பதில் சொல்லிவிட்டது. அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நல்லாக இருந்திருக்கும்.

"கொப்பரின்ரை திவசச் சோறு திண்ட பிள்ளை," என்றாள் மெதுவாக. "எனக்குப் பிரெஞ்சு காணாது. நீதான் சொல்லவேணும். இப்பவே சொல்லு."

"அம்மா என்ன சொல்கிறார்?" என்று ஆலீஸ் சிரித்தபடி கேட்டாள்.

கஜனி அவளுக்கு எதிரே பாயில் இருந்தாள். முதல் வசனத்திலேயே ஆலீஸின் சிரிப்பு நின்றுபோனது. கஜனி நிறுத்தவில்லை. இந்தமுறை ஒரு சொல்லையும் விழுங்கவில்லை.